இருநூறாவது பெட்டி

கருப்பண்ணனுக்குச் சேலம் ஆகாது. ஊர் பிடிக்காது என்பதல்ல, அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டார். கண்ணில் புரை விழுந்தபோது நாமக்கல்லுக்குப் போனார். மகள் கல்யாணத்துக்கு வெள்ளிக் கொலுசு எடுக்க வேண்டியிருந்தது. கொலுசென்றால் சேலம்தான். அதற்கும் மனைவி ராமாயியை மச்சானோடு அனுப்பிவிட்டு, மிளகுக்குக் காவல் இருக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். அப்போது மிளகு பறித்து முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

நான் விமலா, ராசிபுரத்துக்காரி. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக் கிளை நூலகத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த மலையில் சர்க்கார் சம்பளம் வாங்குகிற பெண் ஊசி போட்டால் நர்ஸ், போடாவிட்டால் டீச்சர். ‘நான் டீச்சர் இல்லை, நூலகர்’ என்று முதல் வருஷம் முழுக்கத் திருத்திப் பார்த்தேன். ‘சரிங்க டீச்சரு’ என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

கருப்பண்ணன் தினமும் பேப்பர் படிக்க வருவார். ஐம்பத்திரண்டு வயது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, சரிவில் மரவள்ளி, மேட்டில் கொஞ்சம் கேழ்வரகு, நாலு பலா என்று இங்கே எல்லாருக்கும் இருப்பதுதான் அவருக்கும். அவரிடம் மட்டும் இருந்தவை அந்தக் கைகள். பேப்பரைப் படித்து முடித்ததும் பழைய மடிப்பிலேயே மடித்து, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை ஒரு இழுப்பு இழுப்பார். அவர் படித்த பேப்பரை இன்னும் யாரும் தொடவில்லை என்றே நினைக்கத் தோன்றும். நூலகத்தில் நைந்துபோன புத்தகங்களுக்கு அட்டை போட்டதெல்லாம் அவர்தான். மூலை ஒவ்வொன்றும் அவ்வளவு கச்சிதமாக இருக்கும். “இதை எங்கேண்ணா கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன். “சேலத்துலீங்க” என்றார். உடனே அடுத்த புத்தகத்தை இழுத்துக்கொண்டார். சேலத்தில் இருந்தவருக்கா சேலம் ஆகாமல் போயிற்று என்று எனக்கு அன்றைக்கே குறுகுறுத்தது.

போன கோடை விடுமுறையில் நூலகத்தில் ஒரு பழம்பொருள் கண்காட்சி வைத்தேன். மேலிடத்து உத்தரவு, நானாக ஆசைப்பட்டு வைத்தது இல்லை. வீட்டுக்கு ஒரு பழைய பொருள் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வந்தது என்ன? தானியம் அளக்கிற பதினோரு படி, ஒன்பது அரிக்கேன் விளக்கு, ஆறு ரேடியோ. எந்த ஊர்க் கண்காட்சியிலும் இருப்பதுதான். எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் கருப்பண்ணன் ஒரு உரச்சாக்குப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு பழைய வேட்டி. வேட்டியை விரித்தால் ஒரு அட்டைப்பெட்டி.

வேட்டி வைத்து விற்கிற பெட்டியின் அளவுதான். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஓரமெல்லாம் ஒட்டியிருந்தது. பிரித்ததே இல்லை. அட்டையில் ஒரு லாரி, மலைப்பாதையின் வளைவில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கத் திரும்புகிறது. லாரியின் முகப்பில் எலுமிச்சம்பழம், மிளகாய், பக்கத்தில் மயில் எல்லாம் வரைந்திருந்தது. ‘எழுபது வளைவு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே சின்னதாக, ‘கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரு பிளாப்பி, ஒரு சக்கரம், ஒரு மலைப்படம்’. மூலையில் பேனாவால் எழுதிய எண், இருநூறு.

“இது உங்க கிட்ட எப்படிண்ணா வந்துச்சு?” என்றேன்.

“நான் ஒட்டுன பொட்டிங்க டீச்சரு” என்றார்.

அன்றைக்குச் சொன்னது பாதிக் கதை. பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டு வேலை தேடிச் சேலத்துக்கு இறங்கியிருக்கிறார். ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் அருணாசலம் என்பவர் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அங்கே கூட்டுவது, தண்ணீர் நிரப்புவது, மாணவர்கள் வெளியே விடும் செருப்பை வரிசையாக வைப்பது எல்லாம் கருப்பண்ணன் வேலை. அது ஏ.சி. ரூம், தூசி ஆகாது. அருணாசலம் வகுப்பு முடிந்த பிறகு ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுகிற விளையாட்டு. ரோடு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கருப்பண்ணனிடம், “உங்க மலை ரோடு எப்படிடா இருக்கும்?” என்று சும்மா கேட்டிருக்கிறார். இவர் காரவல்லியிலிருந்து மேலே செம்மேடு வரை எழுபது வளைவையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கே பள்ளம், எங்கே குரங்கு, எங்கே லாரி ஒரே வெட்டில் திரும்பாமல் பின்னால் வந்து திரும்ப வேண்டும், எங்கே மழைக்குக் கல் விழும் என்று மூன்று நாள் சொல்லியிருக்கிறார். அருணாசலம் அதை அப்படியே விளையாட்டாக எழுதிவிட்டார்.

“சாரு எழுதுனாரு, நான் சொன்னனுங்க” என்று கருப்பண்ணன் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. இரண்டு மகள்களும் நர்சிங் முடித்தபோதுகூட இல்லை.

1993இல் இருநூறு பெட்டி போட்டார்கள். வேட்டிப்பெட்டி செய்கிறவரிடம் பெட்டி வாங்கியதால்தான் அந்த அளவு. படம் வரைந்தது நாமக்கல்லில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். பிளாப்பி, சக்கரம், மலைப்படம் மூன்றையும் உள்ளே அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஓரத்தை ஆக்ஸா பிளேடில் மடித்து மெழுகுவத்தித் தீயில் காட்டி ஒட்டியது கருப்பண்ணன். இருநூறும் அவர் கை. கடைசிப் பெட்டியை அருணாசலம் அவரிடமே கொடுத்து, “இது உன் ரோடு, உனக்கு ஒண்ணு வேணாமா?” என்றாராம். ஆடிப் பதினெட்டுக்கு லீவு போட்டுப் பெட்டியோடு மலையேறியவர் திரும்பிப் போகவில்லை.

“ஏண்ணா போகலை?”

“அது வந்துங்க... ஊட்டுல வேலை.”

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லும்போது நமக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. நான் கேட்கவில்லை. பெட்டியை மேஜை நடுவில் வைத்தேன். அரிக்கேன் விளக்குகளை ஒதுக்கிவிட்டேன்.

முப்பது வருஷம் ஈரம் படாமல், பூச்சி அரிக்காமல் எப்படி வைத்திருந்தார் என்பது ராமாயி சொல்லித்தான் தெரிந்தது. இந்த மலையில் ஆவணி தொடங்கினால் சுவரே வியர்க்கும். அட்டைப்பெட்டி ஒரு மழைக்குத் தாங்காது. இவர் அதைக் கேழ்வரகு டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தார். கேழ்வரகில் பூச்சியும் வராது, ஈரமும் சேராது. வருஷா வருஷம் புதுக் கேழ்வரகு வந்ததும் பெட்டியை வெளியே எடுத்து, துடைத்து, புதுசுக்குள் மறுபடி புதைப்பார். “என்ற ஊட்டுக்காரருக்கு ரெண்டு பொண்டாட்டி கண்ணு. ஒருத்தி வேல செய்யறா, ஒருத்தி டிரம்முக்குள்ள சொகமா படுத்திருக்கா” என்று ராமாயி சிரித்தாள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பிரிக்கலாம் என்று அவள் சொன்ன போதெல்லாம் இவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவாராம்.

கண்காட்சியைப் படம் எடுத்து முகநூலில் போட வேண்டும், அதுவும் உத்தரவு. போட்டேன். மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு போன். பெயர் சதீஷ்குமார். கரூர்க்காரர், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுப் பெட்டிகளைச் சேர்க்கிறாராம். “மேடம், அந்தப் பெட்டியைப் பிரிச்சுடாதீங்க. தயவுசெஞ்சு பிரிச்சுடாதீங்க” என்று மூன்று தடவை சொன்னார். குழந்தை கையில் கத்தி இருப்பதைப் பார்த்தவர் மாதிரி பதறினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தும்விட்டார்.

கருப்பண்ணன் வீட்டு வாசலில் பலா மரத்தடியில் பாய் விரித்து, பெட்டியை வைத்தோம். சதீஷ்குமார் பையிலிருந்து வெள்ளைக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டார். “பொட்டிக்கு ஊசி போடப் போறாரா?” என்று ராமாயி என் காதில் கேட்டாள். அவர் பூதக்கண்ணாடி வைத்து நாலு ஓரத்தையும் பார்த்தார், முகர்ந்தார், சும்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். கேலியாகச் சொல்லவில்லை, அந்த மனுஷன் மேல் எனக்கு அப்போதே ஒரு பிரியம் வந்துவிட்டது. ஒரு அட்டைப்பெட்டியை இப்படிக் கும்பிடுகிறவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும்.

“இந்த விளையாட்டோட பெட்டி உலகத்துலேயே இது ஒண்ணுதாங்க” என்றார் அவர். “மெட்ராஸ்ல ஒரு கடைக்காரர் நூத்தித் தொண்ணூத்தொம்பதையும் வாங்கினார். வித்தது எதுவும் ஓடலை. லாரி முதல் வளைவுக்கு வந்ததும் நின்னுரும். உள்ளே இருக்கற அட்டைச் சக்கரத்தைத் திருப்பி, அதுல வர்ற எண்ணை அடிக்கணும், அப்பத்தான் வழி விடும். காப்பி அடிக்கிறதைத் தடுக்கறதுக்காக அருணாசலம் அப்படி வெச்சிருந்தார். ஆனா சரியான எண்ணை அடிச்சாலும் தப்புன்னே சொல்லுச்சாம். வாங்கினவங்க கடைக்காரரோட சண்டை. பிளாப்பியை அழிச்சு வேற எதுக்காவது வெச்சுக்கிட்டாங்க, பெட்டியும் சக்கரமும் எடைக்குப் போயிருச்சு. பிளாப்பி ரெண்டு என் கிட்ட இருக்கு. சக்கரம் இல்லாம அது சும்மா.”

கருப்பண்ணன் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். “சாரு... அருணாசலம் சாரு இருக்காருங்களா?” என்றார்.

“இருக்கார். சேலத்துலதான். ரெண்டு வருஷம் முன்னால போய்ப் பார்த்தேன். இந்த விளையாட்டைப் பத்திப் பேசவே மாட்டேன்னுட்டார். ‘நான் போட்ட கணக்குல எங்கேயோ தப்பு, எங்கேன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலை, அதுக்கப்புறம் ஒரு வரி எழுதலை, எனக்கு அந்தத் தகுதி இல்லை’ன்னார். அவ்வளவு கெட்டிக்கார மனுஷன், முப்பது வருஷம் டைப்ரைட்டிங் கிளாஸ் நடத்தியே காலத்தை ஓட்டிட்டார்.”

கருப்பண்ணன் எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். போன விதம் சரியில்லை. நான் பின்னாலேயே போனேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிச்சப் பாதிக் கதையை அங்கேதான் சொன்னார்.

சக்கரம் என்றது இரண்டு வட்ட அட்டை, நடுவில் பித்தளை ஊசி. இருநூறு சக்கரமும் கட்டுக்கட்டாக வந்தபோது அருணாசலம் சொன்னது ஒன்றுதான். ‘மேலேயிருந்து ஒவ்வொண்ணா எடுத்துப் போடு, வரிசை மாறக் கூடாது.’ ஏன் என்று சொல்லவில்லை. கருப்பண்ணன் நல்ல நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினார். மேலே இருந்த முதல் சக்கரத்தை எடுத்து, காலண்டர் பக்கத்தில் தான் மாட்டியிருந்த எட்டுக்கை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டார். மலையில் எதை அளந்தாலும் முதல் படி அம்மனுக்கு. கேழ்வரகு, சாமை, மிளகு எதுவானாலும் அப்படித்தான். அவர்கள் வீட்டுப் பழக்கத்தில் அந்தப் படியை உடனே குவியலில் திருப்பிக் கொட்டமாட்டார்கள். எல்லாம் அளந்து முடித்து, கடைசியாகத்தான் சேர்ப்பார்கள்.

“அன்னிக்கு அந்தச் சக்கரத்தைத் திரும்பக் கட்டுக்கு மேலயே வெச்சனுங்களா, பழக்கத்துல கடைசிக்கு வெச்சனுங்களான்னு தெரியலீங்க டீச்சரு. அப்ப அது ஒரு விசயமாவே தோணல. எல்லாச் சக்கரமும் ஒண்ணுதான்னு நெனச்சுப்போட்டேன்.”

ஆடிப் பதினெட்டு முடிந்து இரண்டு வாரத்தில், இவர் சேலத்துக்கு இறங்குவதற்கு முன்பே, அருணாசலத்திடமிருந்து ஒரு கார்டு வந்தது. அதைக் கருப்பண்ணன் எனக்கு மனப்பாடமாகச் சொன்னார். ‘தம்பி கருப்பண்ணனுக்கு ஆசீர்வாதம். விளையாட்டு எங்கேயும் ஓடவில்லை. ஒவ்வொரு சக்கரமும் வேறு வேறு, முதல் பிளாப்பிக்கு முதல் சக்கரம்தான் பொருந்தும். திருடுகிறவனுக்குத் தெரியக்கூடாது என்று எண்ணை வெளியே போடவில்லை. ஊசியைக் கழற்றினால் உள்ளே பென்சிலில் இருக்கும். மெட்ராஸ்காரர் எதையும் திருப்பி அனுப்பவில்லை, என் கையில் ஒரு பெட்டியும் இல்லை. உன் பெட்டியைக் கொண்டுவா. நீ வரிசை மாற்றியிருக்க மாட்டாய். என் கணக்கில்தான் தவறு இருக்க வேண்டும். பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.’

“நீங்க போகலை” என்றேன்.

“போகலீங்க.”

“பதிலும் போடலை.”

“போடலீங்க. நீ மாத்தியிருக்க மாட்டேன்னு எழுதியிருந்தாருங்க. அதைப் படிச்சதுக்கு அப்பறம் எப்பிடிப் போறதுங்க? பிரிச்சு, தப்பு என்னுதுன்னு ஆயிருச்சுன்னா அவரு மூஞ்சிய எப்பிடிப் பாக்கறதுங்க?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெரியவர் என்றும் பார்க்காமல் திட்டினேன். ஒரு கார்டுக்குப் பதில் போடாததால் ஒரு மனுஷன் தன்னையே தப்பு என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார், நீங்கள் இங்கே டிரம்மில் கேழ்வரகு மாற்றிக்கொண்டிருந்தீர்கள் என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திட்டி முடித்து மூச்சு வாங்கியபோதுதான் பார்த்தேன், அவர் கண் கலங்கியிருந்தது.

“டீச்சரு, வருசா வருசம் பொட்டிய வெளிய எடுக்கறப்பெல்லாம், அம்மா, அன்னிக்கு மேலதான் வெச்சிருக்கோணும்னு வேண்டிக்குவனுங்க. அப்பிடின்னா தப்பு என்னுது இல்லீங்கள்ல. அவரு எழுதறதையே வுட்டுப்போட்டாருன்னு இப்பத்தான தெரியுது. இப்ப கடைசிக்குத்தான் வெச்சிருக்கோணும்னு வேண்டிக்கறனுங்க. தப்பு என்னுதாவே இருந்துரட்டும்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாய் விரித்த இடத்துக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

“பிரிக்கப் போறனுங்க” என்றார் சதீஷ்குமாரிடம். விஷயத்தை நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. பிரிக்காமல் கொடுத்தால் என்ன கேட்டாலும் தருவதாகச் சொன்னார். இந்த மாதிரி சீல் வைத்த பெட்டி இனி பிறக்கவே போவதில்லை என்றார். கடைசியாக, “நாமக்கல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் சார், உள்ளே இருக்கறது தெரிஞ்சுரும்” என்றார்.

“பென்சில் எழுத்து எக்ஸ்ரேயில தெரியுமுங்களா?”

சதீஷ்குமார் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார். தன் கையுறைகளைக் கழற்றி நீட்டினார். கருப்பண்ணன் வேண்டாம் என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிளேடு வாங்கி, தானே மெழுகுவத்தியில் ஒட்டிய ஓரத்தில், ஒட்டிய கோட்டின் மேலேயே கீறினார். பிளாஸ்டிக் தாள் கிழியாமல் முழுசாகக் கழன்று வந்தது. அதை முதலில் மடித்து, நகத்தால் இழுத்து, பாயில் வைத்தார். ராமாயி காப்பித் தம்ளர்களோடு வாசல்படியில் நின்றுவிட்டாள்.

மேலே மலைப்படம். அதன் கீழே உறையில் அஞ்சேகால் அங்குல பிளாப்பி, லேபிளில் இருநூறு என்று அருணாசலத்தின் கையெழுத்து. அடியில் சக்கரம். கருப்பண்ணன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் ஒரு பொட்டு அளவுக்குக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. நான் பூஞ்சை என்று நினைத்தேன். அவர் நகத்தால் லேசாகச் சுரண்டி விரலில் தேய்த்தார். விரல் சிவந்தது.

“குங்குமம்” என்றார்.

பித்தளை ஊசியைக் கழற்ற வராமல் சக்கரத்தை நீட்டினார். சதீஷ்குமார் கழற்றித் தந்தார். உள் வட்டத்தில், பென்சிலில், யாரும் தொடாத எழுத்தாக ‘ஒன்று’ என்று இருந்தது. வெறும் ஒன்று. முதல் சக்கரம் கடைசிப் பெட்டியில். அப்படியென்றால் முதல் பெட்டியில் இரண்டாவது, இரண்டாவதில் மூன்றாவது, இருநூறும் ஒன்று தள்ளி.

“என்னுதுதான்!” என்று கருப்பண்ணன் எழுந்து கத்தினார். “ராமாயி, தப்பு என்னுதுதான் புள்ள! நான்தான் மாத்திப் போட்டிருக்கறேன்!” சிரிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார், மறுபடி சிரிக்கிறார். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிக் குதிக்கமாட்டான். “இந்த மனுசனுக்கு என்ன ஆச்சு கண்ணு?” என்று ராமாயி பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

சதீஷ்குமார் அருணாசலத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பெட்டி மூடியின் மேல் வைத்தார். கருப்பண்ணன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கட்டி நின்றார். போனுக்கு முன்னால் அப்படி நிற்கிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“ஹலோ” என்றது ஒரு வயதான குரல்.

“சார், நான் கருப்பண்ணனுங்க. கொல்லிமலைங்க.”

லைன் போய்விட்டதோ என்று சதீஷ்குமார் குனிந்து பார்த்தார்.

“டேய்” என்றது குரல். “உயிரோட இருக்கியாடா?”

“இருக்கறனுங்க சார்.”

“கார்டு போட்டேன், நீ வரலை. கூப்பிட்டா வராம இருக்கற பையன் இல்லையே நீ. மலையில என்னமோ ஆயிருச்சு உனக்குன்னு நெனச்சுட்டேன். உன் ஊர் பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்குவேன்டா நான். நல்லா இருக்கியா?”

கருப்பண்ணன் போனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை, நானும்தான். கோழை என்று நான் சற்று முன் திட்டியவரை, வராததால் செத்துப்போயிருப்பான் என்று ஒருவர் நினைத்து வருந்தியிருக்கிறார். அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த மனுஷன்.

ராமாயி பக்கத்தில் வந்து அவர் முதுகில் கை வைத்தாள். “சொல்லுங்க” என்றாள், விஷயம் என்னவென்றே தெரியாமல்.

அவர் சொன்னார். அம்மன் படம், சூடம், முதல் சக்கரம், கார்டு வந்தது, போகாதது, டிரம், எல்லாவற்றையும் நின்றபடியே ஒப்பித்தார். “இப்பப் பிரிச்சனுங்க சார். இருநூறாம் பொட்டியில ஒண்ணாம் நம்பர் சக்கரமுங்க. பூராவும் ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கறனுங்க. மன்னிச்சுப்போடுங்க சார்.”

அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்டது. ஒண்ணுல ரெண்டு, ரெண்டுல மூணு என்று பெரியவர் வாய்க்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என் கணக்கு?” என்றார். எழுபத்து நாலு வயதுக் குரல், பரீட்சை பேப்பர் வாங்க நிற்கிற பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

“உங்க கணக்கு சரிங்க சார். ஒரு தப்பும் இல்லீங்க.”

நாற்காலி நகரும் சத்தம். போனை எங்கேயோ மேஜையில் போட்டுவிட்டு அவர் எழுந்து போவது கேட்டது. செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று. பிறகு உள்ளேயிருந்து அவர் குரல், உடைந்து, உரக்க, “சுகுணா! ஏய் சுகுணா! அடுப்பை அணைச்சுட்டு இங்க வா! நான் எழுதினது சரிதானாம்! சரியாத்தான் எழுதியிருக்கேனாம்!”

பாத்திரம் ஒன்று விழுந்தது. ஒரு அம்மாள் எதையோ கேட்டாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார், மறுபடியும் சொன்னார். எங்களை மறந்தே போய்விட்டார்.

கருப்பண்ணன் கட்டிய கையை எடுக்கவில்லை. “ஆமாங்க சார். தப்பு என்னுதுங்க, என்னுதுதானுங்க” என்று, கேட்பதற்கு யாருமில்லாத அந்தப் போனைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.